புது கோச் வந்தா ஓ-லைன் ஒரே சீசன்ல மாறிடுமா?

நீங்க கேட்டது என்னன்னா, உங்க பையன் படிக்கிற யூனிவர்சிட்டில அமெரிக்கன் ஃபுட்பால் டீம் போன வருஷம் படு மோசம், குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவன், அதை கையில வாங்கி நிமிர்றதுக்குள்ள மூணு பேர் மேல விழுந்தாங்க, டிசம்பர்ல ஹெட் கோச்சை அனுப்பிட்டு புது ஸ்டாஃபை கொண்டு வந்துட்டாங்க, ஆனா ஆஃபென்சிவ் லைன்ல (குவாட்டர்பேக்கை காக்கற அஞ்சு பேர் வரிசை, சுருக்கமா ஓ-லைன்) பாதிக்கு மேல அதே பசங்கதான், இவங்களை வச்சு செப்டம்பருக்குள்ள அப்படி என்னத்தை மாத்திட முடியும்னு. இதுக்குள்ள இன்னொரு கேள்வியும் ஒளிஞ்சிருக்குன்னு நினைக்கிறேன், அதாவது இந்த அஞ்சு பேர் விளையாட்டுல கோச்சிங் எவ்வளவு, ஆள் எவ்வளவு. அதுக்கும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். ஒஹையோல பகல்ல சாஃப்ட்வேர் வேலை, சாயங்காலம் ஒரு ஹைஸ்கூல் டீம்ல ஓ-லைன் அசிஸ்டன்ட் கோச், 11 சீசன் ஆச்சு. காலேஜ் ஸ்டாஃப்ல நான் இருந்ததில்ல. காலேஜ் கோச்சுங்க நடத்துற கிளினிக்ல (கோச்சுங்களுக்கான வகுப்பு) உக்காந்திருக்கேன், ஸ்ப்ரிங் ப்ராக்டிஸை ஓரமா நின்னு பார்த்திருக்கேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மேட்ச் ஃபில்ம் ஓட்டி ஓட்டி வீட்டுல திட்டு வாங்கியிருக்கேன். அந்த அளவுக்குள்ளதான் பேசறேன்.

லைன் பத்தி தெரியாம இதை படிக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. நடுவுல சென்டர், அவர்தான் பந்தை கால் நடுவுல பின்னாடி குடுப்பார், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, வெளி ஓரத்துல டேக்கிள். அஞ்சு பேரும் ஆளுக்கு 300 பவுண்டு பக்கம் இருப்பாங்க, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 136 கிலோ. சாதாரணமா இவங்க பாஸ் வாங்க ரூல்ல இடமில்ல, வேலையே எதிராளியை தடுக்கிறதுதான். இந்த வேலைல ஒரு கொடுமை என்னன்னா, நாலு பேர் கச்சிதமா பண்ணி ஒருத்தன் கோட்டை விட்டா அந்த ப்ளேயே, அதாவது அந்த ஒரு தடவை ஆட்டமே, காலி. பாஸ் பிடிக்கற ரிசீவர் நாலு பேர்ல ஒருத்தன் சூப்பரா இருந்தா போதும், அவனுக்கே பந்தை போட்டு ஓட்டிடலாம், இங்க அது நடக்காது, இருக்கறதுலயே வீக்கான ஆள் எவ்வளவோ அவ்வளவுதான் மொத்த லைனும். அதனால புது ஸ்டாஃபுக்கு சீக்கிரமா பலன் கிடைக்கிற இடமும் இதுதான், நல்லா ஆடுறவனை இன்னும் பிரமாதமா ஆக்குறதை விட, யாரையும் தொடாம ஒரு ஆளை அப்படியே உள்ள விடற மாதிரியான பெரிய தப்பை குறைச்சாலே டீம் வேற மாதிரி தெரியும்.

நான் உறுதியா சொல்ல முடிஞ்ச முதல் விஷயம் இதுதான்: நல்ல ஸ்டாஃப் வந்ததும் முதல் வேலையா பசங்க மண்டைல இருக்கற பாரத்தை இறக்கி வைப்பாங்க. ஒவ்வொரு பாஸ் ப்ளேக்கும் முன்னாடி சென்டர் கையை நீட்டி எதிர் டீம்ல முன் வரிசைக்கு பின்னாடி நிக்கற ஒரு லைன்பேக்கரை காட்டி கத்துவார் பாருங்க, அவன்தான் மைக், அவனை வச்சுதான் யார் யாரை பிடிக்கணும்னு அஞ்சு பேருக்கும் கணக்கு. டிஃபென்ஸ் கடைசி செகண்ட்ல இடம் மாறினா கணக்கும் மாறும். நான் ஓ-லைன் பொறுப்பு எடுத்த முதல் வருஷம், யூட்யூப்ல பார்த்தது, கிளினிக்ல கேட்டதுன்னு யார் யாரை தடுக்கறதுங்கற திட்டத்துல எட்டு விதமான ப்ரொடெக்‌ஷன் சொல்லிக் குடுத்தேன், எனக்கே பெருமை தாங்கல, முதல் மேட்ச்ல ப்ளிட்ஸ் (வழக்கத்தை விட கூடுதல் ஆளுங்க பாய்ஞ்சு வர்றது) வந்தப்ப லெஃப்ட் கார்டும் சென்டரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துகிட்டு நிக்கறாங்க, நடுவுல ஒரு லைன்பேக்கர் வாசக் கதவு திறந்திருந்த மாதிரி ஓடி வந்து எங்க குவாட்டர்பேக்கை படுக்க வச்சுட்டான். ஃபில்ம்ல பார்த்தா ரெண்டு பசங்களும் சோம்பேறித்தனம் பண்ணல, யோசிச்சுகிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான். அடுத்த வாரமே எட்டை மூணாக்கினேன். யோசிக்கற பையன் மெதுவாத்தான் கிளம்புவான், எவ்வளவு பலசாலியா இருந்தாலும்.

காலேஜ்லயும் இதே கதைதான், அளவு பெரிசு. ஸ்ப்ரிங்ல மொத்தமே 15 ப்ராக்டிஸ்தான் அனுமதி, சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம்னு என்சிஏஏ (காலேஜ் விளையாட்டை நடத்தற அமைப்பு) ரூல், அதுல மீட்டிங், ஃபில்ம், வெயிட் ரூம் எல்லாம் அடக்கம். இந்த நேரத்துல பத்து ரன் ப்ளேயை (பந்தை எறியாம ஓடறது) அரைகுறையா கத்துக்கறதா, மூணை தூக்கத்துல எழுப்பினாலும் பண்ற மாதிரி கத்துக்கறதான்னு முடிவு பண்ணணும், விவரமான ஸ்டாஃப் மூணுன்னு சொல்லும். ரசிகர்கள் ஏப்ரல்ல வந்து பார்த்துட்டு என்னப்பா ஒரே ப்ளேயை திரும்பத் திரும்ப ஓட்டறாங்கன்னு சலிச்சுப்பாங்க. எனக்கு அதைப் பார்த்தாத்தான் நம்பிக்கை வரும்.

ஒரே ப்ளேயை ஏன் அத்தனை தடவைன்னு புரிய டபுள் டீம்னு ஒண்ணை கிட்டத்துல பார்க்கணும். எதிர்ல ஒரு பெரிய டிஃபென்சிவ் டேக்கிள் நிக்கறான், அவனுக்கு நாலஞ்சு யார்டு பின்னாடி ஒரு லைன்பேக்கர். நம்ம கார்டும் டேக்கிளும் சேர்ந்து அந்த பெரிய ஆளை இடிக்கணும், இடுப்போட இடுப்பு ஒட்டி, நடுவுல கை நுழையக்கூட இடம் விடாம, நாலு கையும் அவன் மேல, ஆனா நாலு கண்ணும் பின்னாடி இருக்கற லைன்பேக்கர் மேல. அவன் உள்பக்கம் வந்தா கார்டு கழண்டு போய் அவனை பிடிக்கணும், வெளிப்பக்கம் வந்தா டேக்கிள் போகணும், யார் போவாங்கன்னு முன்கூட்டி தெரியாது, பேசிக்கவும் நேரம் கிடையாது. அரை செகண்ட் முன்னாடி கழண்டா பெரிய ஆள் உள்ள பூந்துடுவான், அரை செகண்ட் லேட்டானா லைன்பேக்கர், பந்தோட ஓடி வர்ற ரன்னிங் பேக்கை மடக்கிடுவான். பக்கத்து ஆளோட இடுப்பு அழுத்தம் குறையறதை வச்சே அவன் கிளம்பறான்னு தெரிஞ்சுக்கணும். இதை போர்டுல எழுதி விளக்க அஞ்சு நிமிஷம் போதும், உடம்புக்கு வர அதே பக்கத்து ஆளோட நூத்துக்கணக்கான தடவை பண்ணியாகணும்.

பாஸ் ப்ளேல இதே மாதிரி ட்விஸ்ட்னு ஒண்ணு. டிஃபென்ஸ்ல உள்ள நிக்கறவன் வெளிய பார்த்து நம்ம டேக்கிள் மேல மோதுவான், வெளிய நின்னவன் அவன் முதுகுக்குப் பின்னாடி சுத்திகிட்டு நடுவுல வருவான். நம்ம ஆளுங்க ரெண்டு பேரும் தன் ஆளை துரத்திகிட்டே போனா ஒருத்தரை ஒருத்தர் முட்டிகிட்டு வழி திறந்துடும், அதனால அப்படியே கை மாத்தி விடணும். ரெண்டு பேரும் ஒரே ஆழத்துல நின்னாத்தான் அந்த கை மாத்தறது நடக்கும், ஒருத்தன் அரை அடி முன்னால இருந்தாலே முடியாது. பக்கத்துல நிக்கறவன் வாரா வாரம் மாறிகிட்டே இருந்தா இது வரவே வராது. ஆகஸ்ட்ல எந்த ஸ்டாஃப் அஞ்சு பேரை சீக்கிரம் முடிவு பண்ணி அவங்களை பிரிக்காம விடுதோ அது பாதி வேலையை முடிச்ச மாதிரி. ஆனா இதுல ஒரு சிக்கல், நடுவுல ஒருத்தன் காயம்பட்டா? அதுக்காக ஆறாவதா ஒருத்தனை ரெண்டு மூணு இடத்துக்கு பழக்கி வச்சிருப்பாங்க, அவனுக்கு எல்லா இடமும் சுமாரா தெரியணும், தூக்கத்துல எந்த இடம்னு மாறிப் போகவும் கூடாது, பாவம்தான்.

இனி நிஜமா நடந்த ரெண்டு கதை சொல்றேன், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழ், அதனாலதான் எனக்கு பிடிக்கும். மிச்சிகன் யூனிவர்சிட்டி டீம் 2020ல 2 ஜெயிச்சு 4 தோத்தாங்க. ஹெட் கோச் ஜிம் ஹார்பா அப்படியே இருந்தார், ஆனா கீழ ஸ்டாஃபை நிறைய மாத்தினார், அதுவரைக்கும் டைட் எண்ட் (லைன் ஓரத்துல நின்னு தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்றவர்) கோச்சா இருந்த ஷெரோன் மூரை 2021க்கு ஓ-லைனுக்கு மாத்தினார். லைன்ல பெரும்பாலும் ஏற்கனவே அங்கயே இருந்த பசங்கதான், சென்டர் ஆண்ட்ரூ வாஸ்டார்டிஸ் ஸ்காலர்ஷிப் இல்லாம வாக்-ஆனா வந்து சேர்ந்தவர். அந்த வருஷம் நவம்பர்ல ஒஹையோ ஸ்டேட்டை 42-27னு ஜெயிச்சாங்க, 2011க்கு அப்புறம் அவங்களுக்கு எதிரா முதல் வெற்றி, ஓட்டத்துல மட்டும் 297 யார்டு, ஹசன் ஹாஸ்கின்ஸ் 5 டச்டவுன். நான் ஒஹையோல இருக்கேன், அன்னைக்கு என் ஆபீஸ் வாட்சப் குரூப் எவ்வளவு அமைதியா இருந்துச்சுன்னு கேக்காதீங்க. நாட்டுலயே சிறந்த ஓ-லைனுக்கு குடுக்கற ஜோ மூர் அவார்டு 2021லயும் 2022லயும் அவங்களுக்குத்தான், அடுத்தடுத்து ரெண்டு வருஷம் யாரும் அதுக்கு முன்னாடி வாங்கினதில்ல.

வாஷிங்டன் யூனிவர்சிட்டி கதை இன்னொரு மாதிரி. 2021ல 4 ஜெயிச்சு 8 தோத்தாங்க, கேலன் டிபோர் புது ஹெட் கோச்சா வந்தார். வர்ற புது ஆள் வழக்கமா எல்லாரையும் கழட்டி விட்டுட்டு தன் ஆளுங்களை கொண்டு வருவார், இவர் ஏற்கனவே இருந்த ஓ-லைன் கோச் ஸ்காட் ஹஃபை அப்படியே வச்சுகிட்டார். 2022ல 11 ஜெயிச்சு 2 தோல்வி, 13 மேட்ச்ல மொத்தமே 7 சாக்தான் (குவாட்டர்பேக் பந்தை எறியறதுக்குள்ள அவரை வீழ்த்தறது) குடுத்தாங்க. பல டீம் 7 சாக்கை ரெண்டு சனிக்கிழமைல குடுத்துட்டு வீட்டுக்கு போகும். அதே லைன் கோச், அங்கயே வளர்ந்த பசங்க, அப்ப என்னதான் மாறுச்சு? இந்தியானால இருந்து மைக்கேல் பெனிக்ஸ் ஜூனியர்னு ஒரு குவாட்டர்பேக் வந்தார், பந்தை கையில வச்சு ஊறப் போட மாட்டார், படக்குன்னு விட்டுடுவார். ஆஃபென்ஸ் நடத்தின ரையன் கிரப் முன்னாடி பல வருஷம் ஓ-லைன் கோச்சா இருந்தவர், லைனால எதை தாங்க முடியும், எதை முடியாதுன்னு தெரிஞ்சு எந்த ப்ளே ஆடணும்னு கூப்பிடற ஆள். 2023ல ஜோ மூர் அவார்டும் அவங்களுக்கே.

இதுல இருந்து நான் எடுத்துக்கறது, சாக்னு வர்ற நம்பர்ல பெரிய பங்கு குவாட்டர்பேக்கோடது, ப்ளே கூப்பிடறவரோடது. லைன் கோச் ஒரு வார்த்தை பேசாமலே லைன் நல்லா தெரியலாம். மூணாவது டவுன்ல (நாலு முயற்சில மூணாவது) 12 யார்டு வேணும்னு திரும்பத் திரும்ப மாட்டிகிட்டா எந்த லைனும் சாகும், முதல் டவுன்லயே 5 யார்டு எடுத்துகிட்டா சுமாரான லைன் கூட நிக்கும். அதனால உங்க டீம்ல புது ஓ-லைன் கோச் யாருன்னு தேடறதுக்கு முன்னாடி, ஆஃபென்ஸ் நடத்தப் போறது யாரு, பந்து யார் கையில இருந்து போகப் போகுதுன்னு பாருங்க.

உடம்பு விஷயத்துக்கு வரேன். இதுலதான் ரசிகர்கள் அவசரப்படறாங்க. ஹைஸ்கூல் முடிச்சு வர்ற பையன் 265, 270 பவுண்டு இருப்பான், அவனை 305 ஆக்கணும், ஆனா தொப்பையா ஏறக்கூடாது, இடுப்பும் தொடையும் ஏறணும், காலும் அதே வேகத்துல நகரணும். அது ஒரு குளிர்காலத்துல நடக்காது, ரெண்டு மூணு வருஷ வேலை. புது ஸ்ட்ரெங்த் கோச் வந்துட்டார்னு ஜனவரில வர்ற வீடியோவெல்லாம் பார்க்க நல்லா இருக்கும், அதை வச்சு செப்டம்பரை கணிக்காதீங்க. இன்னொரு பக்கம் உடம்பு மட்டுமே எல்லாம்னும் கிடையாது, 2024ல ஜோ மூர் அவார்டு வாங்கினது ஆர்மி. மிலிட்டரி அகாடமி, மத்த பெரிய காலேஜ் மாதிரி வெளிய இருந்து ஆள் அள்ளிப் போட முடியாது, பசங்க சைஸும் சின்னது, ஆனா ஒரே ஸ்டைல் ஓட்டத்தை வருஷக்கணக்கா ஆடி ஆடி அவங்க கால் ஒரே சமயத்துல தரையை விட்டு கிளம்பும். ஜெஃப் மாங்கன் அங்க 2014ல இருந்து கோச், அந்த பொறுமைக்கான இடம் எல்லா ஊர்லயும் குடுக்க மாட்டாங்க.

ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற விரும்பற பசங்க பேர் குடுக்கற பட்டியல்) வந்ததுல இருந்து இந்த கணக்கு கொஞ்சம் மாறிடுச்சு. 2021ல இருந்து ஒரு தடவை டீம் மாறினா ஒரு வருஷம் உக்கார வேண்டியதில்லன்னு ரூலை தளர்த்தினாங்க, அப்புறம் இன்னும் தளர்த்திட்டாங்க. மிச்சிகனே 2022க்கு வர்ஜினியால இருந்து ஒலுசெகுன் ஒலுவாடிமியை சென்டரா கொண்டு வந்தாங்க, அவர் அந்த ஒரே சீசன்ல நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன், சிறந்த இன்டீரியர் (லைன் நடுவுல ஆடற) லைன்மேனுக்கான அவுட்லேண்ட் ரெண்டையும் அள்ளிகிட்டு போனார். என் அபிப்ராயம், போர்ட்டல்ல ஒரே ஒரு ஆள்தான் எடுக்கலாம்னா சென்டரை எடுக்கணும், ஏற்கனவே வேற இடத்துல ரெண்டு மூணு வருஷம் ஆடி, டிஃபென்ஸை படிச்சு கத்தத் தெரிஞ்சவனா. மத்த நாலு பேரோட தப்பை அவன் வாயாலயே பாதி சரி பண்ணிடுவான். மூணு நாலு பேரை ஒரே கோடைல இறக்குமதி பண்ற டீமை பார்த்தா எனக்கு பயம்தான், ஆளாளுக்கு நல்லவனா இருப்பான், அக்டோபர் வரைக்கும் ட்விஸ்ட்டை கை மாத்தத் தெரியாம முட்டிக்குவாங்க.

எனக்கு சந்தேகம் இருக்கற இடங்களையும் சொல்லிடணும். மிச்சிகன் மாறினதுக்கு மூர்தான் காரணமா, இல்ல அதே பசங்க ஒரு வயசு கூடினதா? 2020 சீசன் கோவிட்னால, காலேஜ்ல இத்தனை வருஷம்தான் ஆடலாம்ங்கற கணக்குல யாருக்கும் சேரல, அதனால பல டீம்ல மூத்த பசங்க ஒரு வருஷம் கூடுதலா தங்கினாங்க, வாஸ்டார்டிஸுக்கு அது ஆறாவது வருஷம். லைன்ல 22, 23 வயசு உடம்புக்கும் 19 வயசு உடம்புக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த கோச்சாலயும் ஒரே வருஷத்துல போதிக்க முடியாது. ரெண்டும் கலந்துதான் வேலை செஞ்சிருக்கும், எது எவ்வளவுன்னு பிரிச்சு சொல்றவங்க யூகத்துலதான் சொல்றாங்க. அதே மாதிரி டிவில பார்த்துட்டு இந்த லெஃப்ட் டேக்கிள்தான் விட்டான்னு திட்டறோமே, அன்னைக்கு உள்ள யார் யாரை பிடிக்கணும்னு என்ன சொல்லியிருந்தாங்கன்னு நமக்கு தெரியாது, அவனுக்கு உள்பக்க ஆள்தான் வேலையா இருந்து, ஓரத்துல வர்றவனை ரன்னிங் பேக் பிடிக்க வேண்டியதா இருந்திருக்கலாம். என் சொந்த டீம் ஃபில்ம் தவிர வேற எதுலயும் நான் ஒருத்தன் பேரை சொல்லி குத்தம் சொல்றதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

நம்பர் பார்க்கறதுலயும் ஒரு பொறி இருக்கு. காலேஜ் கணக்குல குவாட்டர்பேக் சாக் ஆனா அந்த இழந்த யார்டை ஓட்டக் கணக்குலதான் கழிப்பாங்க, ப்ரொஃபஷனல் லீகான என்எஃப்எல்ல அப்படி இல்ல. ரன்னிங் பேக் 20 தடவை ஓடி 100 யார்டு எடுத்திருப்பான், தடவைக்கு 5, அருமை. அதே மேட்ச்ல 5 சாக்குல 35 யார்டு போயிருந்தா பேப்பர்ல 25 தடவைக்கு 65 யார்டு, 2.6னு நிக்கும். ஐயோ ரன் ப்ளாக்கிங் கேவலம்னு எல்லாரும் கத்துவாங்க, நிஜத்துல ஓட்டம் நல்லாத்தான் இருந்திருக்கும். உங்க டீமோட போன வருஷ நம்பரை சாக் தனியா, ஓட்டம் தனியா பிரிச்சுப் பாருங்க, எது உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா புது ஸ்டாஃப் எதை தொடுதுன்னும் புரியும்.

சரி, அப்ப உங்க டீம்? அதே பசங்க, புது ஸ்டாஃப், ஒரு சீசன்னா, மோசம்ங்கறதுல இருந்து சுமாருக்கு வர்றது ரொம்பவே சாத்தியம், நிறைய தடவை நடந்திருக்கு. சுமார்ல இருந்து பிரமாதத்துக்கு போறது பெரும்பாலும் ரெண்டாவது மூணாவது வருஷத்து வேலை. செப்டம்பர்ல மேட்சுக்கு போனா ஸ்கோரை கொஞ்ச நேரம் மறந்துட்டு சில விஷயம் கவனிங்க. வெளியூர் மேட்ச்ல கூட்டம் கத்தறப்ப குவாட்டர்பேக் குரல் கேக்காது, கார்டு திரும்பிப் பார்த்து சென்டரை தட்டுவான், சென்டர் தலையை ஆட்டிட்டு ஸ்னாப் பண்ணுவார் (பந்தை பின்னாடி குடுப்பார்), அந்த நேரத்துல ஃபால்ஸ் ஸ்டார்ட் (பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே அசையற தப்பு) வராம இருந்தா இவங்க லவுட்ஸ்பீக்கர் வச்சு ஒழுங்கா ப்ராக்டிஸ் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். மூணு புள்ளி ஸ்டான்ஸ்ல (ரெண்டு காலும் ஒரு கையும் தரைல) நிக்கறப்ப தரைல ஊணின விரல் முட்டியை பாருங்க, ரன்னுக்கு அழுத்தி வெள்ளையாவும் பாஸுக்கு லேசாவும் இருந்தா எதிர் டீம் ப்ளேயை முன்னாடியே படிச்சுடுவான், டிவில குளோஸப் வர்றப்ப தெரியும். அப்புறம் ஒரு ப்ளேல யாரோ ஒருத்தன் கோட்டை விட்டு குவாட்டர்பேக் கீழ விழுந்ததும் அந்த அஞ்சு பேரும் என்ன பண்றாங்கன்னு பாருங்க. போன வருஷம் ஆளுக்கொரு பக்கம் இடுப்புல கை வச்சு நின்னிருப்பாங்க. இந்த வருஷம் பெஞ்சுல வரிசையா அதே ஆர்டர்ல, லெஃப்ட் டேக்கிள்ல இருந்து ரைட் டேக்கிள் வரைக்கும் உக்காந்து, சென்டர் டேப்லட்டை மடில வச்சு விரலால காட்டிகிட்டு இருந்தார்னா, எனக்கு இங்க ஒரு மெசேஜ் போடுங்க, நானும் அந்த டீமை பார்க்க ஆரம்பிக்கறேன்.